இ-சஞ்சீவனி: படுத்த படுக்கையான நோயாளிக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

முற்றிய புற்றுநோயில் இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி, புறநோயாளிகள் வரிசையில் உட்கார வைத்து, வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வலி கூடிவிடும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்துவதில் இ-சஞ்சீவனிக்கு முழு மதிப்பெண். 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு தொடங்கிய வீடியோ மருத்துவச் சேவை இது; கட்டணம் கிடையாது. ஓடிபி கொடுத்துப் பதிந்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் மருத்துவர் திரையில் வருவார். மருந்துச் சீட்டும் செல்பேசிக்கே வரும்.

இடிப்பது, கடும் வலிக்குத் தரும் மார்ஃபினில். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை வீடியோவில் பார்த்து எழுதித்தரக் கூடாது என்கின்றன. தனியார் செயலிகளுக்கும் இதே விதிதான். ஆகவே ஒரு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கும்போதே, மார்ஃபின் தரும் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து ஒருவர் போய்வர வேண்டும். தீர்ந்த இரவில் வீடியோ அழைப்பால் வலி தீராது. ஆனால் மார்ஃபினோடு வரும் மலச்சிக்கலுக்கும் குமட்டலுக்கும் இங்கேயே மருந்து கிடைக்கும்.

அடுத்த குறை, போன முறை பார்த்த மருத்துவரே மறுபடி வருவார் என்ற உறுதி இல்லை. இதை ஒரு தாள் சரிக்கட்டும். நோயின் பெயர், மருந்துகள், அளவு, வேளை, கடைசியாக மலம் போன நாள், 0 முதல் 10 வரை வலியின் எண். இவற்றோடு, வலி மீறியபோது 24 மணி நேரத்தில் கூடுதலாக எத்தனை முறை மார்ஃபின் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வழக்கமான அளவு போதுமா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் கணிப்பார்.

ஜன்னல் நோயாளியின் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காமாலை பிடிபடாது. படுக்கைப்புண்ணை வீடியோவில் காட்டுவதைவிட, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுப்பது மேல். மூச்சு எண்ண வேண்டுமென்றால் நெஞ்சும் வயிறும் தெரியும்படி போனை ஒரு முழு நிமிடம் அசையாமல் வையுங்கள்.

கடைசி நாட்களில் தொண்டையில் சளி தேங்கிக் கறகறவென்று சத்தம் வரும். அழைப்புச் செயலிகள் அதைப் பின்னணி இரைச்சலென்று எடுத்து அழுத்திவிடக்கூடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் நோயாளிக்கு அது வேதனை தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு விளக்கம் எவ்வளவு ஆறுதல்!

சிறுநீர்க் குழாய் மாற்றவோ, வாய்வழி மருந்து நின்றபின் தோலடி ஊசி போடவோ ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நேரத்தில் அழைப்பை வைத்துக்கொண்டால் பாதி குறை நீங்கும்.

இன்னொன்று. நோயாளி கண்மூடிக் கிடந்தாலும் காது கேட்கலாம். "இன்னும் எத்தனை நாள் டாக்டர்?" என்று கேட்பதற்கு முன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.