பிறந்த தேதி கேட்காத ஏடிசி பயிற்சி வகுப்பு

தம்பியை ஒரு ஆன்லைன் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கான தேர்வு) வகுப்பில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். இயற்பியல் எடுப்பவர் பிரமாதம். வெக்டார் முழுவதையும் விமானத்தை அடிக்கும் பக்கக் காற்றை வைத்தே நடத்திவிடுகிறார். கணிதம் சுமார். குரல் தேர்வுக்கான பயிற்சி பேருக்குத்தான்.

என் குறை வேறு. சேர்க்கைப் படிவத்தில் பிறந்த ஆண்டு மட்டும்தான் கேட்கிறார்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏடிசி ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு உச்ச வயது 27. ஓபிசிக்கு 3, எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. அறிவிப்பில் போட்டிருக்கும் தேதியை வைத்துத்தான் கணக்கு. ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. தம்பிக்கு இப்போதே 26. கேட்டால், "அடுத்த நோட்டிபிகேஷன் சீக்கிரம் வந்துடும் மேடம்" என்கிறார் கவுன்சிலர். இவர் வீட்டு வாசலுக்கா முதலில் வருகிறது?

அமெரிக்காவில் 31 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், 56இல் கட்டாய ஓய்வு, ரேடார் திரையில் பல விமானங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை என்றெல்லாம் வகுப்பில் சுவாரசியமாகச் சொல்கிறார்கள். நம்மூர் வயது வரம்பைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம்.

பாடத்துக்கு 4 நட்சத்திரம், சேர்க்கை முறைக்கு 1. 25 தாண்டியவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.