"அன்லிமிடெட் இடம்" என்று நம்பி 1,59,300 ரூபாய் கட்டினேன். நீங்கள் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோ, வீடியோ தொழிலில் இருக்கிறவர்கள், முக்கியமாகச் சின்ன ஊரில் ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர்கள், முழுசாகப் படியுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நம் ஃபைல்களை இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தருகிற ஒரு வெளிநாட்டு கிளவுட் கம்பெனி, அதை இங்கே விற்கிற ஒரு ரிசெல்லர், அவ்வளவு போதும். இதில் மாட்டாமல் இருக்க என்ன செய்யணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு மயிலாடுதுறையில் ஸ்டுடியோ. ஊர்க் கல்யாணங்கள் போக, பாதி வருமானம் திருக்கடையூரிலிருந்துதான். அறுபதாம் கல்யாணம், எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ பேரன் பேத்தியோடு வேன் வைத்து வந்து இறங்குவார்கள். இளம் ஜோடிகள் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனால் அதோடு சரி. எண்பது கல்யாணத்து வீட்டார் அப்படி இல்லை. ரெண்டு வருஷமோ நாலு வருஷமோ கழித்து ஒரு போன் வரும். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. அன்னைக்கு அவரு பேசுனது எதாவது இருக்குமா?" இருக்கும். இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் எதையும் அழிப்பதில்லை. எடிட் செய்து கொடுத்தது மட்டுமல்ல, கேமராவிலிருந்து இறக்கிய மொத்த ஃபுட்டேஜும் வைத்திருப்பேன்.

அதற்கு இடம் வேண்டுமே. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு கேமரா மணிக்கு 45 ஜிபி சாப்பிடும். ரெண்டு கேமரா, அஞ்சு மணி நேரம், மேலே ரா போட்டோக்கள். ஒரு விசேஷத்துக்கு அரை டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி). முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன், மார்க்கரில் பெயர் எழுதி பீரோவுக்குள். ஒரு ஐப்பசி மழையில் அதில் ஒன்று டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றது. ஏழு குடும்பத்து விசேஷம் அதோடு போனது. அந்த ஏழு வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னவன் நான். அந்த பயத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளவுடுக்குப் போனேன்.

"அன்லிமிடெட் பிசினஸ் ப்ளான்." குறைந்தது மூன்று யூசர் எடுக்க வேண்டும். நான், என் வீட்டுக்காரி, மச்சான். மச்சான் ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை, ஆனாலும் அவர் பெயருக்கும் மாதம் 1,250 ரூபாய். முதல் மூன்று வருஷம் வருஷா வருஷம் கட்டினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி கடையைச் சாத்தும்போது அப்லோடு போட்டுவிட்டு வருவேன், காலையில் பச்சை டிக் விழுந்திருக்கும், டிஸ்க்கைக் காலி செய்துவிடுவேன். அப்படியே 34 டிபி சேர்ந்துவிட்டது.

இந்த ஜனவரியில் ரிசெல்லர் ஆபீஸிலிருந்து அந்தத் தம்பி கூப்பிட்டான். நல்ல மரியாதையான பையன். "சார், விலை ஏறப்போகுது. மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிட்டீங்கன்னா பழைய ரேட்டே லாக் ஆயிடும்." நான் கேட்டேன், இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், வாய்விட்டுக் கேட்டேன்: "தம்பி, அன்லிமிடெட்னு சொல்றீங்க, நாளைக்கு மாத்திட மாட்டாங்களே?" அவன் சிரித்தான். "சார், அன்லிமிடெட் மீல்ஸ் மாதிரி. நீங்க போதும்னு இலையை மடிக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்போம்." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு விலை 1,35,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் 24,300. ஆக 1,59,300 ரூபாய். தை முகூர்த்த அட்வான்ஸ் கையில் இருந்தது, லென்ஸ் வாங்க வைத்திருந்த பணம். ஜனவரி 22, ஒரே தவணையில் அனுப்பினேன். பில் வந்தது, பார்க்காமலே ஆடிட்டருக்குத் தள்ளிவிட்டேன்.

மே 19. வைகாசி முகூர்த்தம், மண்டபத்தில் நலங்கு ஓடிக்கொண்டிருக்கிறது. போன் அதிர்ந்தது. "உங்கள் ப்ளானில் ஒரு மேம்பாடு." மேம்பாடாம்! இனிமேல் யூசருக்கு 4 டிபி, மூன்று பேருக்கும் சேர்த்து 12. அதற்கு மேல் வைத்திருக்கிறவர்களுக்கு 60 நாள் அவகாசம். அப்புறம் புது ஃபைல் ஏறாது. அதற்கு மேல் 30 நாளில் கூடுதலாக இருப்பது அழிக்கப்படலாம். கூடுதல் இடம் வேண்டுமா, டிபிக்கு மாதம் 900 ரூபாய். என்னிடம் கூடுதல் 22 டிபி. மாதம் 19,800, ஜிஎஸ்டி தனி. என் கடை வாடகையே அவ்வளவு இல்லை.

காரணமும் எழுதியிருந்தார்கள். "சிலர் சேவையைத் தவறாகப் பயன்படுத்துவதால்." நான் என்னத்தைத் தவறாகப் பயன்படுத்தினேன்? கிழவர் கிழவி மாலை மாற்றுவதை வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து தேடினேன். இந்தக் கதை பத்து வருஷமாக நடக்கிறதாம், எனக்குத்தான் தெரியவில்லை. 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் அன்லிமிடெட்டை நிறுத்தியபோது, சிலர் 75 டிபிக்கு மேல் வைத்திருக்கிறார்கள் என்றது. 2017-இல் அமேசான் அமெரிக்காவில் நிறுத்தியது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் இலவச அளவில்லா இடத்தை முடித்து 15 ஜிபிக்குள் அடைத்தது, அது நம் எல்லார் போனிலும் நடந்தது. 2023-இல் டிராப்பாக்ஸ் நிறுத்தியபோது, கிரிப்டோ காசு தோண்டுகிறவர்களும் இடத்தை வாங்கி மறுவிற்பனை செய்கிறவர்களும்தான் காரணம் என்றது. சியா என்று ஒரு காசு இருக்கிறதாம், டிஸ்க்கில் இடத்தை நிரப்பி வைத்தாலே அதைச் சம்பாதிக்கலாமாம். (என்னை ஏமாற்றியது இந்த நாலில் எதுவும் இல்லை, கீழே வந்து ஊகிக்க வேண்டாம்.) இத்தனை பெரிய கம்பெனிகளுக்கே கட்டுப்படியாகாததை இவர்கள் மட்டும் எப்படிக் கொடுப்பார்கள் என்று ஜனவரியில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜனவரியில் அவர்களுக்குத் தெரியாதா? நாலு மாதத்தில் மூடப்போகிற ப்ளானுக்கு மூன்று வருஷப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

மறுநாள் தம்பிக்குப் போன். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தான். "சார், இது கம்பெனி பாலிசி, எங்க கையில ஒண்ணும் இல்லை. நீங்க அவங்ககிட்ட டிக்கெட் போடுங்க." டிக்கெட், அதாவது இணையத்தில் புகார், போட்டேன். ஐந்து நாள் கழித்துப் பதில்: நீங்கள் ரிசெல்லர் மூலம் வாங்கியதால் பணம் சம்பந்தமாக அவரையே அணுகவும். சாட்டில் போனேன். பெயர் வைத்த ஒரு மெஷின் "உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது" என்றது. மெஷினுக்கு என் மனநிலை புரிகிறதாம்! திரும்பத் தம்பி. மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "ப்ளான் நிக்கலையே சார், மாறித்தானே இருக்கு. மூணு வருஷம் சர்வீஸ் இருக்கே. ரீஃபண்டுன்னா வாங்கின 14 நாளுக்குள்ள கேட்டிருக்கணும்." பதினாலு நாளுக்குள் எனக்கு ஜோசியமா தெரியும்? அன்லிமிடெட் மீல்ஸ் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "மீல்ஸ்னா பார்சல் கட்டிக்கிட்டுப் போக முடியுமா சார்?"

நான் பார்சல் கட்டவில்லை தம்பி. இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதுதான் முடியவில்லை.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் வீட்டு ஃபைபர் இணைப்பு "அன்லிமிடெட்" (இன்னொரு அன்லிமிடெட்!). உண்மையில் மாதம் 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் ஆமை. ஏற்றும்போது மாதம் ஒரு டிபி அளவில் மெதுவாகப் போனதால் எதுவும் தெரியவில்லை. இறக்க வேண்டியது 22 டிபி, 3.3-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல். அவர்கள் கொடுத்தது மொத்தமே 90 நாள். பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் கெஞ்சி, ராத்திரியில் அவர் லைனையும் ஜன்னல் வழியாக இழுத்து ஓட்டுகிறேன். பெரிய ஃபோல்டரை இறக்கினால் எல்லா ஃபைலையும் ஒரே பொட்டலமாக, ஜிப்பாகக் கட்டித் தருகிறது, அது 90 சதவீதத்தில் அறுந்து மறுபடி சைபரிலிருந்து ஆரம்பிக்கிறது. புது ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கின கணக்கை நான் இங்கே எழுதவே இல்லை. பீரோ மறுபடி நிரம்புகிறது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா. மூன்று வருஷத்துக்கு முன் அவர் அப்பாவுக்குச் சதாபிஷேகம் எடுத்தேன், இப்போது பெரியவர் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் பேசியது வேண்டும். எனக்கு ஞாபகம் இருந்தது. கலச நீர் ஊற்றும்போது காது மெஷினைக் கழற்றிப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் காது கேட்காமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஃபோல்டர் மூன்று தடவை அறுந்தது. கடைசியில் ஜிப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு கிளிப்பாகக் கையால் இறக்கினேன், விடிகாலை நாலு மணி. அனுப்பினேன். அந்த அம்மா பணம் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்றோடு 41 நாள். இறங்கியது எட்டரை டிபி. 1,59,300 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை.

ரிசெல்லர் மேனேஜர் கடைசியாக மிரட்டியது: "இது பிசினஸ் ப்ளான் சார், நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் நீங்க போக முடியாது." எனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன், அவர் தங்கை கல்யாணம் நான்தான் எடுத்தேன். அப்படி இல்லையாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவனும் நுகர்வோர்தான் என்று வாதாட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். நம் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்து வழக்குதான். ஆனால் பில்லைப் பார்த்த வக்கீல் முகம் சுருங்கியது. பில்லில் "கிளவுட் சேவை, 3 யூசர், 36 மாதம்" என்றுதான் இருக்கிறது. அன்லிமிடெட் என்ற வார்த்தையே இல்லை. அது இருப்பதெல்லாம் தம்பி அனுப்பிய கொட்டேஷனிலும் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலும்தான். நல்ல வேளை அழிக்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நேரமாகிவிட்டது. மூன்று வருஷம் சேர்த்துக் கட்டாதீர்கள், விலை ஏறினால் ஏறட்டும், மாதா மாதம் கட்டுங்கள். பில்லில் எத்தனை டிபி என்று எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கிளவுடில் ஏற்றிவிட்டோம் என்று டிஸ்க்கில் இருப்பதை அழிக்காதீர்கள். ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறவர்கள் இன்று ராத்திரியே ஒரு பெரிய ஃபோல்டரை இறக்கிப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று. சேல்ஸ் ஆள் பேசுவதை எழுத்தில் வாங்குங்கள்.

ஜெராக்ஸ் கடை அண்ணன் ஷட்டரை இறக்குகிறார், அதற்குள் கேபிளை ஜன்னலுக்கு மாற்ற வேண்டும். வருகிறேன்.