'அரசு அங்கீகாரம்' என்று காட்டி 78,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்: வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 78,500 ரூபாய். சர்க்கரை நோயை வேரோடு எடுத்துவிடுவோம் என்று சொல்லும் ஒரு 'சிகிச்சை மையம்', மூன்று மாத பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. வழக்குப் போடப் போகிறோம், அதனால் பெயரைப் போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், எனவே பெயர் கேட்காதீர்கள். ஆனால் இந்த மாதிரி இடம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது, பெயர்ப்பலகைதான் வேறு.

அப்பாவுக்குச் சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொண்டு ஓரளவு கட்டுப்பாட்டில்தான் வைத்திருந்தார். கால் எரிச்சல் மட்டும் ராத்திரியில் தூங்க விடாது. அந்த எரிச்சலுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் அவர் போனில் வந்தது. "மாத்திரைக்கு விடை கொடுங்கள்" என்று பெரிய எழுத்து, பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர்.

போய்ப் பார்த்தோம். நாங்கள் நம்பியது அந்த வெள்ளைக் கோட்டுக்காரரை இல்லை, அந்தச் சுவரை. வரவேற்பறைச் சுவர் முழுக்க ஃபோட்டோ. ஓர் அரசியல் பெரும்புள்ளி அந்த ஆளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார், ஓர் அதிகாரி கேடயம் கொடுக்கிறார், இன்னொன்றில் ரிப்பன் வெட்டுகிறார்கள். நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ், மேலே மத்திய அரசு நிறுவனத்தின் பெயர், கீழே ஒரு நீளமான எண். என் அப்பா அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தே ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட பையன் பக்கத்தில் வந்து நின்று, "ஐயா, இது கவர்மென்ட் அப்ரூவ்டு. நம்பரை நீங்களே ஆன்லைன்ல போட்டுப் பாருங்க, அண்ணா நீங்களும் பாருங்க" என்றான். போட்டுப் பார்த்தேன். வந்தது. செல்லுபடியாகும் உரிமம்தான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "கவர்மென்ட்ல சும்மா குடுப்பானாடா?" என்றார். அந்த இடத்திலேயே கார்டை எடுத்துத் தேய்த்தோம். 78,500.

அது என்ன உரிமம் தெரியுமா? உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் உணவு வியாபார உரிமம். 14 இலக்க எண். பிஸ்கட் பாக்கெட்டிலும் இருக்கும், ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கும். அது இருந்தால் உணவுப் பொருள் விற்கலாம், அவ்வளவுதான். நோயைக் குணப்படுத்தும் என்று எவனும் சோதித்துப் பார்த்துக் கொடுத்த தாள் இல்லை அது. இன்னும் கேளுங்கள், அந்த ஆணையத்தின் விதிப்படியே இந்த மாதிரி ஊட்டச்சத்துப் பொருள் எதுவும் நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் போட்டாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பவுடர் டின்னிலும் போட்டிருந்தார்கள். எங்கே? பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், அதற்கு மேல் மையத்தின் பெயரும் விலையும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி. நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அதைச் சுரண்டியது நானில்லை. அரசு மருத்துவமனை வார்டில் டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா. அதற்குள் என்ன நடந்தது என்றால், மையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது, "ஐயா, இந்த வாரத்திலேர்ந்து இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடுங்க, நம்ம பவுடர் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு" என்று. அப்பா நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் 340 காட்டியது. கட்டைவிரலில் இருந்த சின்னக் கொப்புளம் உடைந்து புண்ணாகி, காய்ச்சல் வந்து, தூக்கிக்கொண்டு ஓடினோம். விரல் தப்பியது. இப்போது ஊசி, தினமும் கட்டு. அந்த டாக்டரம்மா டின்னைக் கொண்டு வரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சத்து மாவு அண்ணா" என்றார். 78,500 ரூபாய்க்குச் சத்து மாவு.

இனி அவர்கள் எங்களைத் துரத்திய கதை.

காசு கட்டும்வரை நான் அண்ணா. கட்டிய பிறகு சார். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றிலிருந்து வெறும் "சொல்லுங்க". முதலில், உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறும்போது சர்க்கரை ஏறித்தான் இறங்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றதும், உங்க அப்பா டயட்டை ஒழுங்காக ஃபாலோ பண்ணியிருக்க மாட்டார் என்றார்கள். டாக்டரிடம் பேச வேண்டும் என்றால் கான்ஃபரன்ஸில் இருக்கிறார், டெல்லியில் இருக்கிறார், அப்புறம் விருது வாங்கப் போயிருக்கிறார். நேரில் போனால் அந்த ஆலோசகர் பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். ரசீதை எடுத்துக் காட்டினேன், வரவேற்பில் இருந்த பெண் அமைதியாக அதிலேயே விரல் வைத்துக் காட்டினார்: 'நலவாழ்வு ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது'. சிகிச்சை என்ற சொல்லே அந்த ரசீதில் இல்லை. பேச்சில் சிகிச்சை, சுவரில் சிகிச்சை, ரசீதில் ஆலோசனை! எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, அரசாங்கம்தானே இவர்களைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வோர் அலுவலகமாக ஏறினேன். உணவு பார்க்கும் இடத்தில், லேபிள் சரியாக இருக்கிறதே, வாயால் சொன்னதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். மருந்து பார்க்கும் இடத்தில், இது உணவு, மருந்தில்லை என்றார்கள். பேக்கேஜில் ஒரு குப்பி மட்டும் ஆயுர்வேத லைசென்ஸ் எண்ணோடு இருந்தது, அதைக் காட்டினால் அதற்குத் தனி அலுவலகமாம். டாக்டர்களைப் பதிவு செய்யும் இடத்தில், அந்தப் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை, அதனால் எங்களால் நடவடிக்கை எடுக்க முடியாது என்றார்கள். அதாவது டாக்டராக இருந்து ஏமாற்றினால்தான் அவர்களிடம் போக முடியும், டாக்டரே இல்லாதவன் ஏமாற்றினால் போலீசுக்குப் போ. போலீசில், இது நுகர்வோர் விவகாரம். ஓர் அலுவலகத்தில் மட்டும் ஒரு வயதான ஊழியர் என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்து, "தம்பி, அந்தச் சுவர்ல ஃபோட்டோ பாத்தீங்கல்ல? அதுக்கப்புறம் யாரு போயி ரெய்டு பண்ணுவா?" என்றார். இத்தனை பேரில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மருத்துவமனையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-லேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் வந்துவிட்டது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது, நீரிழிவு அதில் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் என் அப்பா போனில் அந்த விளம்பரம் இன்றைக்கும் வருகிறது.

அந்த ஆயுர்வேதக் குப்பி விஷயத்தைப் பாருங்கள். 2018-ல் 170-ஆம் விதி என்று ஒன்று கொண்டு வந்தார்கள். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்தை விளம்பரம் செய்வதற்கு முன்னால் உரிமம் கொடுக்கும் அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. 2023 ஆகஸ்டில் மத்திய ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது, அந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்காதீர்கள் என்று. 2024 ஜூலையில் விதியையே நீக்கி அறிவிக்கை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்து தடையும் போய்விட்டது. காவல்காரனே பூட்டைக் கழற்றி வைத்தால் என்ன செய்வது?

இது மாற்று மருத்துவத்தில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள், இங்கிலீஷ் மருத்துவத்திலும் இதே கதைதான். 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, புது மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பைப் பற்றி அறிக்கை கொடுத்தது. மருந்து நல்லது என்று நிபுணர்கள் எழுதிய சிபாரிசுக் கடிதங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு டாக்டர்கள், ஆனால் கடிதம் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒன்று. யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க, இவர்கள் கையெழுத்துப் போட்டது போல இருக்கிறது என்று குழு சந்தேகப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்த வரவேற்பறைச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று 2009-லேயே, டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் இந்திய மருத்துவ கவுன்சிலின் ஒழுக்க விதியில் சேர்த்தார்கள். மறு வருடமே அந்தக் கவுன்சிலின் தலைவரை லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது, கவுன்சிலையும் கலைத்தார்கள். அதன் இடத்தில் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது, 2025-ல் மருத்துவக் கல்லூரி ஆய்வு விவகாரத்தில் சிபிஐ மறுபடியும் வழக்குப் போட்டது. கம்பெனிகள் பக்கம் பார்த்தால் 2024 மார்ச்சில் புது நெறிமுறை வந்தது, பரிசு கூடாது, டாக்டர் குடும்பத்துக்கு வெளிநாட்டுப் பயணம் கூடாது என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. மீறினால் புகாரை விசாரிப்பது யார்? மருந்துக் கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு! அதே வருடம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு வெளிவந்த நன்கொடைப் பட்டியலில் மருந்துக் கம்பெனிகளும் இருந்தன. கொடுத்தது எதற்காக என்று எனக்குத் தெரியாது, ஆனால் புகார் மனுவோடு படியேறும் என்னை மாதிரி ஆளைவிட அவர்கள் பேச்சு எடுபடும் என்பது மட்டும் தெரியும்.

நல்ல டாக்டர்களும் நல்ல அதிகாரிகளும் இருக்கிறார்கள், அந்த வார்டு டாக்டரம்மா இல்லையென்றால் அப்பாவின் விரல் போயிருக்கும். ஆனால் ஒழுங்காக இருப்பவனுக்கும் திருடனுக்கும் ஒரே மாதிரி கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே மாதிரி சான்றிதழ் தொங்கினால் நாம் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கட்டு மாற்ற அப்பாவைக் கூட்டிப் போக வேண்டும், அதனால் அவசரமாகச் சிலது.

உரிம எண் உண்மையா என்று மட்டும் பார்க்காதீர்கள், எதற்கான உரிமம் என்று பாருங்கள். டின்னில் ஸ்டிக்கர் இருந்தால் காசு கட்டுவதற்கு முன்னால் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். டாக்டர் என்றால் பதிவு எண் கேளுங்கள், மருந்துச் சீட்டில் அது இருந்தாக வேண்டும், மாநில மருத்துவ கவுன்சில் தளத்தில் தேடினால் கிடைக்கும். எவன் சொன்னாலும் போட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரை மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மூன்று மாதக் காசை மொத்தமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். குரல் செய்திகளை அழிக்காதீர்கள், எங்கள் வக்கீல் அதைத்தான் முதலில் கேட்டார். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் படியுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம்வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நாங்கள் அங்கேதான் போகிறோம், 78,500 ரூபாயும் மருத்துவமனைச் செலவும் கேட்டு. அந்த மாதிரி மையத்தில் வாங்கிய ஸ்டிக்கர் ஒட்டிய டின் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், ஸ்டிக்கரோடு ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள்.