பசை விட்டது, தையல் நின்றது: உடைந்த கார் பிளாஸ்டிக்குகளோடு ஆறு வருடம்

என் கார் 2012-இல் வாங்கியது. எஞ்சின், கியர் பாக்ஸ் பக்கம் இதுவரை பெரிய செலவு வைத்ததில்லை. உடைவதெல்லாம் பிளாஸ்டிக்தான். கதவின் உள்பக்கம் இருக்கும் டோர் பேட், க்ளவ் பாக்ஸ் கொக்கி, பம்பரின் காது (மாட்டிப் பிடிக்கும் சின்ன நீட்டல்), எஞ்சினுக்கு அடியில் இருக்கும் அண்டர் கவர் என்று 2019-இலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று கையோடு வந்தன. முழு பாகமாகப் புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்றுதான். கஞ்சத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் விரல் நகம் அளவு காது ஒன்று உடைந்தால் காதை மட்டும் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள், முழு பேனலையும் வாங்க வேண்டும். பழைய மாடலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும். வந்து சேர்ந்த பேனல் புதுக்கறுப்பாகவும் மற்ற மூன்று கதவுகள் வெளிறிய சாம்பலாகவும் நிற்கும்.

நானே ஒட்டியதும் தைத்ததும் எத்தனை நாள் தாங்கின என்பதை இங்கே சொல்கிறேன். ஒட்டிய அன்று மாலை எல்லா வேலையும் பிரமாதமாகத்தான் தெரியும். சென்னையில் ஒரு மே மாதத்தைத் தாண்டினால்தான் அது ரிப்பேர்.

முதல் தோல்வி டோர் பேடில். ஸ்பீக்கர் மாற்றக் கொடுத்த இடத்தில் பையன் அவசரத்தில் இழுத்துவிட்டான். பின்பக்கம் கிளிப் மாட்டும் காதுகள் மூன்று போய்விட்டன. மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம். கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் உடனடிப் பசையை வைத்து அழுத்தினேன். நான்கு நாள் நின்றது. மறுபடி ஒட்டினேன், இரண்டு நாள். சரி, பசையைக் கூட்டினால் நிற்கும் என்று, பசைக் குச்சியை உருக்கி ஊற்றும் க்ளூ கன் வாங்கி, காதைச் சுற்றி மெழுகுவர்த்தி உருகின மாதிரி குவித்து வைத்தேன். மார்ச் வரை சத்தமே இல்லை, எனக்கும் பெருமை. மே மாதம் அலுவலக வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு மாலை கதவைத் திறந்தால் பேட் தொங்குகிறது, பசை வெல்லப்பாகு போல இழை இழையாக நீள்கிறது. அந்தக் குச்சிப் பசைகளில் பெரும்பாலானவை 60-80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு சாதாரணமாக அந்தச் சூட்டைத் தொடும். காருக்குள் க்ளூ கன் வேண்டவே வேண்டாம், டிசம்பரில் செய்து டிசம்பரிலேயே விற்கப்போகிற கார் என்றால் தவிர.

விஷயம் புரிந்தது டிங்கரிங் பட்டறையில். பம்பர் வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். பசையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, பேடைத் திருப்பிப் பார்த்தியா? என்ன பிளாஸ்டிக்குன்னு பின்னாடியே போட்டிருக்கும்" என்றார். பார்த்தேன். இரண்டு அம்புக்குறி முனைகளுக்கு நடுவே பிபி-டி20 என்று அச்சாகியிருந்தது. பிரஷர் பிபி இல்லை, பாலிபுரொப்பிலீன். டி20 என்றால் அதில் 20 சதவீதம் டால்க் கலந்திருக்கிறது, முகப் பவுடரில் இருக்கும் அதே தாது. பம்பரைத் திருப்பினால் பிபி-யோடு ஈபிடிஎம் என்கிற ரப்பரும் சேர்ந்திருக்கும். க்ளவ் பாக்ஸ், கிரில் போன்ற சில பாகங்களில் ஏபிஎஸ் என்றிருக்கும். இதுவும் பிரேக் ஏபிஎஸ் இல்லை, பிளாஸ்டிக்கின் பெயர்.

பாலிபுரொப்பிலீனில் பசை பிடிக்காது. நம் கைவேலை மோசம் என்பதற்காக இல்லை. தாமரை இலையில் தண்ணீர் போல, பசை அதன் மேல் பரவி ஒட்டாமல் உருண்டு நிற்கும். உடனடிப் பசை, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி, சிலிக்கான் மூன்றையும் பணம் கொடுத்து வாங்கிப் பார்த்தாகிவிட்டது. சிலிக்கான் இருப்பதிலேயே மோசம். காய்ந்த பிறகு வெயிலில் உரிந்த தோல் மாதிரி முழுசாகக் கையோடு வருகிறது. இதற்கென்று பிரைமர் இருக்கிறது, அதைத் தடவினால் பசை ஓரளவு பிடிக்கும். ஆனால் காது போல இழுபடும் இடத்தில் அதையும் நான் நம்பவில்லை.

அப்போதுதான் சின்ன வயதில் தெருவில் வந்த "குடம் ஒட்டுறது, பக்கெட் ஒட்டுறது" ஞாபகம் வந்தது. அவர் எந்தப் பசையும் வைக்க மாட்டார். கம்பியைக் காய்ச்சி, உடைந்த இன்னொரு குடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, இரண்டையும் உருக்கி இழைத்துவிடுவார். அம்மா அந்தக் குடத்தில் மேலும் இரண்டு வருடம் தண்ணீர் பிடிப்பாள். கார் பேனலுக்கும் அதே வைத்தியம்தான்.

25 வாட் சால்டரிங் அயன் எடுத்துக்கொண்டேன். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்குச் சற்று மேலே உருகும், அயன் முனையோ 300-ஐத் தாண்டும். ஒரே இடத்தில் வைத்தால் கருகிப் புகை வரும், கருகினது நிற்காது. வைத்து எடுத்து, வைத்து எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும், மொட்டை மாடியில், காற்று வரும் இடத்தில். விரிசலின் இரு பக்கத்தையும் உருக்கிச் சேர்த்த பிறகு அதன் மேல் ஸ்டெயின்லெஸ் கம்பி வலை ஒரு துண்டு வைத்து, அயனால் அழுத்தி உள்ளே புதைத்தேன். வலை எங்கிருந்து என்றால், அடுக்களையில் கைப்பிடி உடைந்த டீ வடிகட்டி. நிரப்புவதற்கு பிரியாணி பார்சல் வந்த கறுப்பு டப்பா. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அதுவும் பாலிபுரொப்பிலீன்தான். கத்தரித்துப் பட்டை பட்டையாக வைத்துக்கொள்ளலாம். டப்பாவை நன்றாகக் கழுவுங்கள். முதல் முறை நான் கழுவின லட்சணத்தில் மாடி முழுக்க மசாலா மணந்தது.

2020-இல் செய்த அந்த மூன்று காதுகளில் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவது, நானே பேடைக் கழற்றும்போது தப்பான பக்கம் நெம்பியதில் போனது. பார்ப்பதற்கு அசிங்கம்தான், சின்னம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. பின்பக்கம்தானே.

ஏபிஎஸ் பாகங்களில் கதை தலைகீழ். அங்கே உடனடிப் பசை நன்றாகவே பிடிக்கும். பசை விட்டு அதன் மேல் ஆப்ப சோடாவைத் தூவினால் சில நொடிகளில் கல்லாகிவிடும். சுடும், கண்ணெரியும் ஆவியும் வரும், முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். க்ளவ் பாக்ஸ் கொக்கியை இப்படித்தான் கட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து டக்கென்று ஒடிந்தது. கல் மாதிரி இறுகுவதே அதன் குறை, வளைந்து கொடுக்காது. அசையாத இடங்களுக்குச் சரி, கொக்கிக்குச் சரியில்லை. இன்னொன்று, கறுப்பு பிளாஸ்டிக்கில் பசையைச் சுற்றி வெள்ளைப் பூப்பு படரும். வெளியே தெரியும் இடம் என்றால் கவனம்.

இரண்டாவது முறை அசிட்டோன். ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் போட்டு ஒரு இரவு மூடி வைத்தால் தோசை மாவு பதத்துக்குக் கரைந்துவிடும். அதைப் பூசி இரண்டு நாள் தொடாமல் விட்டேன். இது பசை இல்லை, அதே பிளாஸ்டிக் மறுபடி இறுகுகிறது. நான்கு வருடமாகத் தினமும் திறந்து மூடுகிறோம், அசையவில்லை. பின்னால் எழுத்து தேய்ந்து என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டாலும் அசிட்டோன் உதவும். மறைவான மூலையில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பாலிபுரொப்பிலீன் சும்மா இருக்கும். நெருப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்.

அடுத்து அண்டர் கவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கரணைப் பக்கம் போயிருக்கக் கூடாது, போனேன். கார் தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தத் தண்ணீர் அடியில் புகுந்து கவரைக் கீழே பிய்த்துத் தள்ளுகிறது. மறுநாள் ரோட்டில் சரசரவென்று இழுபடும் சத்தம். முன்பாதி போல்ட் துளைகளோடு கிழிந்து, நடுவில் ஒரு முழ நீள விரிசல்.

இதில் உருக்கி ஒட்டும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை, தைத்தேன். முதலில் விரிசல் முடியும் முனையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று. அது இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு இரு பக்கமும் ஜோடி ஜோடியாகத் துளை போட்டு, கேபிள் டை, அதாவது வயர்களைக் கட்டும் நைலான் பட்டை, கோர்த்து இறுக்கினேன். கிழிந்த போல்ட் துளைகளுக்குப் பெரிய வாஷர். கறுப்பு டை மட்டும் வாங்குங்கள், வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். பழைய பாக்கெட்டில் காய்ந்து கிடந்த டையாக இருந்தால் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுங்கள். நைலான் ஈரம் குடித்தால் இளகும், இறுக்கும்போது ஒடியாது.

முழுச் செலவு 150 ரூபாய்க்குள். அதற்குப் பிறகு ஒரு முழு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது, பதினாறு டைகளில் இரண்டு மட்டும் மாற்றினேன். தொல்லை எங்கே என்றால் ஆயில் மாற்றும்போது கவரைக் கழற்ற மெக்கானிக் சிலதை வெட்டியாக வேண்டும். "என்ன சார், கிழிஞ்ச பேன்ட்டைத் தச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வெட்டினார். க்ளவ் பாக்ஸில் இப்போது ஒரு பாக்கெட் டை எப்போதும் இருக்கிறது.

முன் சக்கரத்துக்கு மேலே வளைவாக மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரையும் இப்படித் தைக்கப் பார்த்தேன். டயரில் உரசி ஓட்டை விழுந்திருந்தது, தைக்க விளிம்பே இல்லை. நான் புதிதாக வாங்கியது அது ஒன்றுதான்.

பேனல் உடைந்தது என்று நினைப்பதில் பாதி வெறும் கிளிப் போனதாகத்தான் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழைய கிளிப்பை மாதிரிக்குக் காட்டிக் கேட்டால் போதும். மாதிரி இல்லையென்றால் துளையின் விட்டத்தையாவது அளந்து போங்கள், 7 மில்லிமீட்டர் துளைக்கு 8 மாட்டி நெம்பினால் அடுத்த காது போகும். பழைய பேனலே வேண்டுமென்றால் புதுப்பேட்டை, பொறுமையும் பேரம் பேசும் வாயும் இருந்தால்.

வெளியே கதவில் வரும் பட்டைக்கு நுரை போன்ற இரட்டைப் பக்க டேப் நன்றாக நிற்கிறது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டினால். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். முதல் முறை மறுநாளே காரைக் கழுவினேன், பட்டை வாளியில் விழுந்தது. வெளிறிப்போன பம்பர் ஓரத்தை, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் கறுப்பாக்குவதையும் செய்து பார்த்தேன். அழகாக வந்தது, சில மாதத்தில் மறுபடி வெளுத்தது.

ஒரே ஒரு இடத்தில் கை வைக்கவில்லை. முன் கண்ணாடி ஓரத் தூணை மூடும் பேனலில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுதியிருந்தால் அதன் பின்னால் திரை ஏர்பேக் இருக்கும். அது விரியும்போது பேனல் அதற்கென்று வகுத்த விதத்தில் விலக வேண்டும். நாம் போட்ட ஸ்க்ரூவும் பசையும் அதைத் தடுக்கும், இல்லை துண்டாகத் தெறிக்கும். நண்பன் காரில் அந்த இடத்துக் கிளிப் உடைந்தபோது சால்டரிங் அயனோடு வரச் சொன்னான். அயனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், அந்த மாடலுக்கான ஒரிஜினல் கிளிப்பை ஆர்டர் போடச் சொல்லிவிட்டு, அவன் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.