மாடியிலிருந்து காக்கைக் கூட்டைப் பார்க்க ஒரு 8×42 பைனாகுலர்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை எங்கள் ஊர். விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்த பைனாகுலரை வாங்கினேன். விலை 9,000 ரூபாய் சொச்சம். இந்த விலையில் பல கம்பெனிகளின் 8×42 கிடைக்கிறது. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அந்த அளவு எதற்கு உதவுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

8 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் பத்து மடங்கு உள்ளதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். வேண்டாம். மடங்கு கூடினால் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். காக்கையை விட்டுக் குயில், குயிலை விட்டுக் கூடு என்று கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. அகலமான காட்சிதான் முக்கியம். விடிகாலையில் தூங்குமூஞ்சி மரத்துக்குள் இருட்டாக இருக்கும்போதும் படம் நன்றாகவே துலங்குகிறது. கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள், முழு வட்டமும் தெரியும்.

சரி, என்ன தெரிந்தது? ஆண் குயில் கன்னங்கரேல் என்று, ரத்தச் சிவப்புக் கண்ணோடு, கூட்டுக்கு வெகு அருகில் வந்து கூவுகிறது. காக்கைகள் கரைந்துகொண்டு அதை விரட்டிப் போகின்றன. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் இலைகளுக்கு நடுவே அசையாமல் இருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கூடு காலியானதும் உள்ளே போனது, உடனே வெளியே வந்துவிட்டது. இந்த ஒரு காட்சிக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று என்பேன்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் விக்கன் ஃபென் சதுப்பு நிலத்தில் நிக் டேவிஸ், மைக்கேல் புரூக் என்ற இரண்டு பறவை ஆய்வாளர்கள் 1980களில் சோதனை செய்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு குயில், நாணலில் கூடு கட்டும் கதிர்க்குருவியை ஏமாற்றுவது. சாயம் பூசிய போலி முட்டைகளைக் கூட்டில் வைத்தபோது, தன் முட்டையின் ஜாடையில் இல்லாததைக் குருவி அதிகமாக வெளியே தள்ளியது. பக்கத்தில் பாடம் செய்த குயிலை வைத்துவிட்டால், ஜாடை ஒத்த முட்டையைக்கூடச் சில குருவிகள் சந்தேகப்பட்டன. கூட்டருகே கண்ணில் பட்டால் குயிலுக்கு நஷ்டம், அதனால்தான் அவசரம். குருவியின் கண் கூர்மையாகக் கூர்மையாக, குயிலின் முட்டையும் இன்னும் அச்சாக மாறுகிறது. இரண்டு பக்கமும் இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன.

நம்மூர்க் குயிலின் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது. நிறம் மட்டும் அதே ஜாடை. 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், காக்கை முட்டைக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாள் முந்தலே குஞ்சுக்குப் பெரிய பலம். இங்கிலாந்துக் குயில்குஞ்சு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளும், அம்மைத் தடுப்பூசிக்குப் பேர்போன எட்வர்ட் ஜென்னர் 1788லேயே இதை எழுதிவிட்டார். நம் குயில்குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. ஒரே கூட்டில் இரண்டு ஜாதியும் சேர்ந்து வளர்வதைப் பார்க்கலாம்.

காக்கை ஏமாளி என்று வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. முட்டையைத் தள்ளுவதில் கை தவறினால் போவது தன் முட்டை. குஞ்சை ஒதுக்குவது அதைவிட ஆபத்து. இங்கிலாந்துக் குயில் மாதிரி மற்றதைத் தள்ளிவிடும் ஜாதிகளில், முதல் ஈட்டிலேயே குயில்குஞ்சை மட்டும் வளர்த்து அதுதான் தன் குஞ்சு என்று பழகிவிட்ட பறவை, பிறகு சொந்தக் குஞ்சையே விரட்டும் என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. கழுத்துப் பட்டை மட்டமானது, வியர்வையில் அரிக்கிறது; நான் பருத்தி நாடா மாற்றிக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வடுவூர் ஏரிக்கு எடுத்துப் போனால் தூரத்து வாத்துகளுக்கு எட்டு மடங்கு போதாது. அப்புறம் முக்கியமாக, பைனாகுலர் இருக்கிறது என்று மரத்தடியில் போய் நிற்காதீர்கள். காக்கை தலையில் கொத்தும், கூட்டுக்கும் தொந்தரவு. மொட்டை மாடியே நல்ல இடம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கும் சமயத்துக்கு முன்பே, சித்திரையிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

தவிட்டுக்குருவிக் கூட்டில் சுடலைக்குயில் நீல முட்டை இடுவதைப் பார்க்க இது உதவாது, கூடு அடர்ந்த செடிக்குள் இருக்கும். குஞ்சு வெளியே வந்து வேலியில் உட்கார்ந்த பிறகு, மொத்தக் கூட்டமும் மாறி மாறி அதற்கு ஊட்டுவதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன்.