“12 வோல்ட் தானே சார்” என்று போட்டுக் கொடுத்த யூஎஸ்பி சாக்கெட்: வேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கேம்பர் வேனோ, படுக்கை போட்ட டிராவலரோ வைத்திருப்பவர்கள், உள்ளே போன் சார்ஜ் போட யூஎஸ்பி சாக்கெட் வைக்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு வேலையைக் கொடுங்கள். கோவையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் 6,200 ரூபாய் கொடுத்து நான் செய்யச் சொன்ன வேலை, என் மனைவியும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்த வேனுக்குள் கருகியது. தீப்பிடிக்காமல் போனது என் மகள் தூக்கம் கலைந்து எழுந்ததால்தான்.

எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. பின்னால் படுக்கை, அதற்கடியில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் தனியாக ஒரு 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி. என்ஜின் பேட்டரி முன்னால். தலைமாட்டில் இரண்டும் சாப்பாட்டு மேஜை பக்கம் இரண்டுமாக நான்கு சாக்கெட் வேண்டும், படுக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து லைன் எடுங்கள், தனி ஃபியூஸ் போடுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். “எல்லாம் பியூர் காப்பர் ஒயர் சார், கவலையே படாதீங்க” என்றார் கடைக்காரர். காலையில் விட்ட வண்டி சாயந்திரம் ரெடி. நீல லைட் எரிந்தது, போனைச் செருகினேன், சார்ஜ் ஏறியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பேனலைக் கழற்றி உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

கோளாறு ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒரு போன் போட்டால் ஏறும். லேப்டாப்பையும் சேர்த்துப் போட்டால் போனில் சார்ஜ் குறி வரும், போகும், வரும். கடைக்கு போன் செய்தால் “கேபிளை மாத்திப் பாருங்க” என்றார்கள். மாற்றினேன், அதேதான். அப்புறம் மூன்று வாரம் வீட்டில் சும்மா நின்ற வண்டி ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து ஜம்பர் கேபிள் போட்டு எடுத்தேன்.

அடுத்த மாதம் உடுமலை, சின்னார் வழியாக மூணாறு கிளம்பினோம். முதல் ராத்திரி மறையூரில் ஒரு வீட்டு வளாகத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். இரண்டு போன், ஒரு லேப்டாப் சார்ஜில் இருந்தன. பதினோரு மணி இருக்கும். “அப்பா, ஏதோ கருகுற வாசம் வருது” என்று மகள் எழுப்பினாள். அவள் தலையணைக்கு ஒரு முழம் தள்ளியிருந்த பேனலைத் தொட்டேன், கை சுட்டது. செருகியிருந்ததையெல்லாம் பிடுங்கினேன். எல்லாரையும் கீழே இறக்கிவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு பேட்டரியின் நெகட்டிவ்வையும் கழற்றினேன். விடியும்வரை யாரும் வண்டிக்குள் போகவில்லை.

மறுநாள் மூணாறை விட்டுவிட்டு உடுமலைக்கே திரும்பினோம். அங்கே ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேனலைக் கழற்றினார். உள்ளே இருந்ததை அப்படியே சொல்கிறேன். ஒயரோடு ஒயரை விரலால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சால்டரிங் இல்லை, லக் (ஒயர் முனையில் வைத்து அமுக்கும் உலோக முனை) இல்லை. டேப் தார் மாதிரி உருகி வழிந்திருந்தது. சிவப்பு ஒயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கழன்று, பின்னாலிருந்த பிளைவுட் பழுப்பேறிக் கிடந்தது.

அவர் ஒயரை ஒரு துண்டு வெட்டி, இழையை பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. “அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினதுங்க தம்பி. முறுக்கி விட்டா நாளாக ஆக லூசாயிரும், லூசான எடம் சுடும்” என்றார். அதுவும் 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமனுள்ள மெல்லிய ஒயர்.

லைன் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டே முன்னால் போனார். படுக்கைப் பலகையைக் கழற்றும் வேலையை மிச்சம் பிடிக்க, என்ஜின் பேட்டரியிலிருந்து எடுத்திருந்தார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி, அதன் காலில் ஒயரைச் சுற்றி, மறுபடி அமுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கால் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் பக்கத்துக் கால். அதாவது என் லைனுக்கு ஃபியூஸே கிடையாது! முறுக்கிய ஜாயிண்ட் சுடுவதை ஃபியூஸ் தடுக்காது, உண்மைதான். ஆனால் தோல் உருகிய அந்த ஒயர், பேட்டரி நெகட்டிவ்வோடு இணைந்திருக்கும் வண்டி பாடியில் பட்டிருந்தால், பேட்டரியில் இருக்கும் மொத்த சக்தியும் அந்த நூல் ஒயர் வழியாகப் பாய்ந்திருக்கும்.

மற்ற இரண்டு கோளாறுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கும்போது, லோடு போட்டதும் கடைசி சாக்கெட்டில் 10.7தான். ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பும் மெல்லிய ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் அவ்வளவு விழத்தான் செய்யும். நான்கு சாக்கெட்டிலும் நீல லைட்டோடு எரியும் மீட்டர்கள் சேர்ந்து 60 மில்லி ஆம்பியர் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருந்தன. மூன்று வாரத்தில் அது 30 ஆம்பியர் ஹவர்; சும்மா நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனது அதனால்தான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “12 வோல்ட் தானே சார், ஷாக்கே அடிக்காது. நீங்க லேப்டாப் போட்டதுதான் தப்பு” என்றார். இந்த வார்த்தையை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். 12 வோல்ட் ஆளை அடிக்காது, சரி. ஆனால் 36 வாட் சார்ஜருக்கு வீட்டு 230 வோல்ட்டில் 0.16 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர்தான். வீட்டைவிட வண்டியில்தான் தடித்த ஒயர் வேண்டும்.

உடுமலைக்காரர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர், படுக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். தகடு துளைத்த இடத்திலெல்லாம் ரப்பர் புஷ், முனைக்கு முனை லக் வைத்து அமுக்கினார். நீல லைட்டுகள் உட்பட எல்லாம் அணைய ஒரு சுவிட்ச். நெகட்டிவ்வைப் பெயின்ட் அடித்த பாடியில் திருகாமல் தனி ஒயராகப் பேட்டரிக்கே கொண்டுபோனார். இப்போது அதே லோடில் சாக்கெட்டில் 12.3 வோல்ட் நிற்கிறது. பொருளும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய். ஒவ்வொரு ஜாயிண்டையும் என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார், அதன் பிறகுதான் பேனலை மூடினார். நீங்களும் மூடுவதற்கு முன் நின்று பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் வெறும் ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்று எழுதியிருப்பது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது. ஒயர் அளவு, காப்பரா இல்லையா, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தால் கேள்வி கேட்க வலு இருந்திருக்கும். சுரண்டிய அந்த ஒயர்த் துண்டையும் உருகிய டேப்பையும் ஒரு கவரில் போட்டு பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.