ஸ்கோபஸ் ஜர்னல்னு சொல்லி போலி வெப்சைட்ல பேப்பர் போடுறானுங்க, பெங்களூர்ல பிஎச்டி பண்றவங்க படிச்சிருங்க

பெங்களூர்ல காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல பிஎச்டி பண்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இத டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா போகும். "பப்ளிகேஷன் சப்போர்ட்"னு பேர் வச்சுக்கிட்டு ஒரு கும்பல் அழகா தமிழ் பேசிக்கிட்டு நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்குள்ளயே வருது. பேர் போட முடியாது, கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன். ஆனா எப்படி பண்றானுங்கன்னு முழுசா சொல்லிடுறேன்.

நான் சிவில். ஆத்து மணலுக்கு பதிலா எம்-சாண்ட் போட்டு, சிமென்ட்ல ஒரு பங்க கொறச்சு ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரிச்ச சாம்பல்) சேத்தா கான்கிரீட் எவ்ளோ தாங்குதுன்னு பாக்குறதுதான் என் வேலை. க்யூப் காஸ்ட் பண்ணி, 28 நாள் தண்ணியில ஊறப்போட்டு, மெஷின்ல வச்சு நசுக்கி ரீடிங் எடுக்கணும். 150 எம்எம் க்யூப் ஒண்ணு எட்டு கிலோ இருக்கும், லேப் அண்ணன் லீவு போட்டா எல்லாத்தையும் நானே தூக்கிட்டு போகணும். அப்படி சேத்த டேட்டா அது. காசு போனதுல எனக்கு கோவம்தான், பேப்பர் போனதுலதான் வயிறு எரியுது.

பேப்பர் கட்டாயமான்னு கேப்பீங்க. 2022 நவம்பர்ல வந்த யூஜிசி (யுனிவர்சிட்டிங்களுக்கு ரூல் போடுற மத்திய அமைப்பு) ரெகுலேஷன்லயே தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணும்ங்கறத எடுத்துட்டாங்க. ஆனா யுனிவர்சிட்டிங்க அவங்கவங்க ரூல்ல வச்சிருக்காங்க, என்னோடதுல ஸ்கோபஸ் (ஆராய்ச்சி ஜர்னலுங்கள பாத்து சேத்து வைக்குற ஒரு டேட்டாபேஸ்) லிஸ்ட்ல இருக்குற ஜர்னல் கண்டிப்பா வேணும். காலேஜ்ல ப்ரமோஷனுக்கு, அப்ரைசலுக்கு, அக்ரெடிட்டேஷன் ஃபைலுக்குன்னு அது ஒரு தனி நச்சரிப்பு. இந்த அவசரத்த வச்சுத்தான் அவனுங்க பொழப்பே ஓடுது.

பெங்களூர் தமிழ் ஃபேகல்ட்டி குரூப் ஒண்ணுல மெசேஜ் வந்துச்சு. கூப்பிட்டு பேசுனேன். "நீங்க எந்த ஊருக்கா?" "ஓசூர்." "அட, நான் கிருஷ்ணகிரிதான்க்கா, நம்ம பக்கம்!" அவ்ளோதான், அந்த நிமிஷத்துலேர்ந்து நான் அக்கா, அவன் தம்பி. யஸ்வந்த்பூர் பக்கத்துல ஒரு பேக்கரி மாடியில ஆஃபீஸ், நேர்லயே போய் பாத்தேன், நாலு பசங்க லேப்டாப்ல உக்காந்திருந்தாங்க, சுவர்ல சர்டிஃபிகேட்டா மாட்டி வச்சிருந்தாங்க. "உங்க பேப்பர நாங்க எழுத மாட்டோம்க்கா, அதெல்லாம் தப்பு, ஃபார்மேட் பண்ணி கரெக்டான ஜர்னலுக்கு அனுப்புறது மட்டும்தான் எங்க வேலை"ன்னான். யோக்கியன் மாதிரியே பேசுனான்.

அவன் சொன்ன ஜர்னல் பேர ஸ்கோபஸ் சோர்ஸ் லிஸ்ட்ல தேடிப் பாத்தேன். இருந்துச்சு. ஐஎஸ்எஸ்என்னு ஜர்னலுக்கு குடுக்குற அடையாள நம்பர், எட்டு டிஜிட்டும் கரெக்டா மேட்ச் ஆச்சு. ஐரோப்பாவுல ஒரு பழைய யுனிவர்சிட்டியோட ஜர்னல். வெப்சைட்ல எடிட்டர் போட்டோவெல்லாம் இருந்துச்சு. இதுக்கு மேல ஒரு மனுஷி என்னத்த பாக்குறது? இங்கதான் விஷயமே இருக்கு. அந்த ஜர்னல் நெஜம், ஆனா அந்த வெப்சைட் அவங்களோடது இல்ல. பழைய ஜர்னல் ஒண்ணோட பேரு, ஐஎஸ்எஸ்என், எடிட்டர் லிஸ்ட் எல்லாத்தையும் அப்படியே காப்பி அடிச்சு வேற டொமைன்ல ஒரு சைட் ஓட்டுறானுங்க. இதுக்கு ஹைஜாக்டு ஜர்னல்னு பேரு. பேர வச்சு, நம்பர வச்சு செக் பண்ணா எல்லாம் பாஸ் ஆகும். முன்னாடி ஸ்கோபஸ் பக்கத்துலயே ஜர்னலோட ஹோம்பேஜ் லிங்க் இருக்கும், அந்த லிங்க்குக்குள்ளயே இவனுங்க பூந்துட்டானுங்கன்னு 2023 கடைசியில அத எடுத்துட்டாங்க. அதனால எது ஒரிஜினல் சைட்டுன்னு அங்க பாத்து தெரிஞ்சுக்கவும் வழி இல்ல.

பேப்பர் அனுப்பி ஒரு வாரம் கூட ஆகல, அக்செப்டன்ஸ் லெட்டர் வந்துருச்சு. சீல் எல்லாம் வச்சு. 35,000 ரூபா பப்ளிகேஷன் சார்ஜ், அதுல பாதிய யூபிஐல போடச் சொன்னான். போட்டேன். அப்புறம் எங்க கைடு ரிவ்யூவர் ரிப்போர்ட் இல்லாம ஒத்துக்க மாட்டார்னு கேட்டேன், ரெண்டு நாள் இழுத்துட்டு ஒரு பிடிஎஃப் அனுப்புனான். அதுல முதல் ரிவ்யூவர், பேப்பர் நல்லா இருக்கு, இங்கிலீஷ் கொஞ்சம் சரி பண்ணுங்க, அவ்ளோதான். ரெண்டாவது ரிவ்யூவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? நோயாளிகளோட எண்ணிக்கை பத்தல, எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் நம்பர போடுங்க, அவங்க சம்மதம் வாங்குனீங்களான்னு தெளிவா எழுதுங்க. கான்கிரீட் க்யூப்கிட்ட சம்மதம் வாங்கணுமாம்! சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. போன் போட்டா, "மிக்ஸ் ஆயிருச்சுக்கா, டென்ஷன் ஆகாதீங்க, ஆன்லைன்ல வந்ததும் யாரும் ரிவ்யூ ரிப்போர்ட்ட கேக்க மாட்டாங்க"ங்கறான்.

நெஜமான ரிவ்யூ எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், இதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் ஒரு நல்ல ஜர்னல்ல ரிஜெக்ட் ஆகியிருக்கு. முதல்ல எடிட்டரே படிச்சுப் பாப்பாங்க, நம்ம சப்ஜெக்ட் அவங்க ஜர்னலுக்கு சம்பந்தம் இல்லன்னாலோ புதுசா ஒண்ணும் இல்லன்னாலோ அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க, அது டெஸ்க் ரிஜெக்ட். அத தாண்டுனா அதே ஃபீல்டுல இருக்குற ரெண்டு மூணு பேருக்கு போகும். சில ஜர்னல்ல ரிவ்யூவருக்கு நம்ம பேர் தெரியும், நமக்கு அவங்க பேர் தெரியாது, சிலதுல ரெண்டு பக்கமும் தெரியாது. ரிவ்யூவருக்கு பொதுவா சம்பளம் கிடையாது, அவங்க வேலைக்கு நடுவுல உக்காந்து படிக்கணும், நெறைய பேர் முடியாதுன்னு சொல்லிடுவாங்க, எடிட்டர் வேற ஆள தேடணும். அதனாலதான் மாசக்கணக்குல ஆகுது. பத்து நாள்ல ரிவ்யூ முடிஞ்சுதுன்னு எவனாவது சொன்னா யாருமே படிக்கலன்னு அர்த்தம் பண்ணிக்கோங்க. எனக்கு வந்த அந்த ரிஜெக்ஷன்ல ஒரு ரிவ்யூவர், மூணு க்யூப்போட சராசரிய மட்டும் போட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு எங்க, எம்-சாண்ட்ல எவ்ளோ பொடி இருந்துச்சு, வாட்டர் சிமென்ட் ரேஷியோவ மாத்தாம ஸ்லம்ப் (கலவை எவ்ளோ இளக்கமா இருக்குங்கற அளவு) எப்படி ஒரே மாதிரி வந்துச்சுன்னு கேள்வியா கேட்டு துவைச்சு எடுத்திருந்தார். அன்னைக்கு அந்த ரிவ்யூவர் மேல செம கோவம், ஆனா இந்த ரெண்டாவது பேப்பர்ல டேட்டா சுத்தமா வந்ததுக்கு அவர்தான் காரணம்.

சரி, வேண்டாம்பா, பேப்பர திருப்பி எடுத்துக்குறேன்னு மெயில் போட்டேன். அதுக்கப்புறம்தான் தம்பியோட சுயரூபம் தெரிஞ்சுச்சு. வித்ட்ராயல் சார்ஜ்னு 20,000 கேட்டான். காப்பிரைட் ஃபார்ம்ல நான் கையெழுத்தே போடலையேன்னேன். மறுநாளே பேப்பர சைட்ல ஏத்திட்டான், பாக்கி காச கட்டாமலேயே! வட்டிக்காரன் வீட்டுக்குள்ள வந்து பாத்திரத்த தூக்கிட்டு போற மாதிரி. ஏன் ஏத்துனான்னா, ஒரு பேப்பர் ஒரு இடத்துல வந்துருச்சுன்னா அத வேற ஜர்னலுக்கு அனுப்ப முடியாது, அனுப்புனா டூப்ளிகேட் பப்ளிகேஷன், ப்ளேஜியரிசம் சாஃப்ட்வேர்ல போட்டா நம்ம பேப்பரே நம்மள காட்டிக் குடுக்கும். அது அவனுக்கு தெரியும். பேப்பர பணயமா வச்சு காசு கேக்குறதுதான் இவனுங்க பிசினஸ், பப்ளிகேஷன் சார்ஜ் சும்மா அட்வான்ஸ்.

அதுக்கப்புறம் எங்க காலேஜ் லைப்ரேரியன் மேடம்தான் உக்காந்து தோண்டி எடுத்தாங்க. என் பேப்பருக்கு குடுத்திருந்த டிஓஐய (ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா குடுக்குற ஆன்லைன் அடையாள நம்பர்) டிஓஐ சைட்ல போட்டா அப்படி ஒண்ணே இல்லன்னு வருது. ஸ்கோபஸ்ல லாகின் பண்ணி அந்த ஜர்னல்ல கடைசியா ஏறுன பேப்பருங்கள பாத்தா, இந்த சைட்ல இருக்குற ஒரு பேப்பர் கூட அங்க இல்ல. ஒரிஜினல் ஜர்னல் வருஷத்துக்கு ரெண்டு இஷ்யூ, இங்க மாசம் ஒண்ணு, அதுல கான்கிரீட்டுக்கு பக்கத்துல சர்க்கரை நோய், அதுக்கு அடுத்து மகளிர் சுய உதவிக்குழு. அந்த யுனிவர்சிட்டி பக்கத்துல இருந்து எடிட்டர் மெயில் ஐடிய எடுத்து எழுதுனோம், பாவம் அந்த மனுஷன் மறுநாளே பதில் போட்டார்: அது எங்க சைட் இல்ல, நாங்க ஆத்தர்கிட்ட காசே வாங்குறதில்ல, உங்கள மாதிரி இந்தியாவுலேர்ந்து நெறைய மெயில் வருது. ரிட்ராக்ஷன் வாட்ச்னு ஒரு சைட் 2022லேர்ந்து ஹைஜாக்டு ஜர்னல் லிஸ்ட் ஒண்ணு ஃப்ரீயா போடுறாங்க, நூத்துக்கணக்குல பேர் இருக்கு. இந்த ஜர்னல் அதுல இன்னும் ஏறல, அதனால அதுல இல்லன்னா சேஃப்னு நெனச்சுக்காதீங்க, டிஓஐயும் ஸ்கோபஸ்ல இருக்குற கடைசி இஷ்யூவும் பாத்தே ஆகணும்.

ஐஎஸ்எஸ்என் இருக்கே மேடம்னு இன்னும் கேக்குறாங்க. அது வண்டி நம்பர் கணக்கா ஒரு அடையாளம்தான், உள்ள யார் ஓட்டுறான்னு அது சொல்லாது. இந்திய ஜர்னலுக்கு டெல்லியில நிஸ்பர்ங்கற அரசு அமைப்பு குடுக்குது, தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. யூஜிசி ஒத்துக்குற ஜர்னல் லிஸ்ட்டா? 2018 மே மாசம் அவங்க லிஸ்ட்லேர்ந்து 4,305 ஜர்னல ஒரே அடியா தூக்குனாங்க, அப்புறம் கேர் லிஸ்ட்னு கொண்டு வந்தாங்க, அதையும் 2025 பிப்ரவரியில நிறுத்தியாச்சு. இப்ப நாமளே, நம்ம காலேஜே பாத்துக்கணும். பெரிய பப்ளிஷர்னாலும் கண்ண மூடிக்கிட்டு நம்ப முடியல, 2023ல ஹிண்டாவி மட்டும் 8,000க்கு மேல பேப்பர வாபஸ் வாங்குச்சு. 2013ல சயின்ஸ் பத்திரிகைக்காக ஒருத்தர் வேணும்னே ஓட்டையா ஒரு போலி பேப்பர் எழுதி 304 ஓப்பன் ஆக்சஸ் (யாரும் காசில்லாம படிக்கலாம்) ஜர்னலுக்கு அனுப்புனார், 157 ஜர்னல் அக்செப்ட் பண்ணுச்சு. என் கான்கிரீட் க்யூப்புக்கு எத்திக்ஸ் கேட்டவனுங்க அந்த வரிசையில முதல்ல நிப்பானுங்க.

காசே கட்டாம போடுறதுக்கும் இடம் இருக்குங்க. சதாசிவநகர்ல சி.வி.ராமன் 1934ல ஆரம்பிச்ச இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் இருக்கு, அவங்களோட சாதனா ஜர்னல் இன்ஜினியரிங்குக்குத்தான். கஷ்டம், லேட் ஆகும், ரிஜெக்ட்டும் ஆகும். ஆனா படிப்பாங்க.

கம்ப்ளெயின்ட் விஷயம். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி பதிவு பண்ணேன், அப்புறம் சைபர் கேஸ் பாக்குற சென் (CEN) போலீஸ் ஸ்டேஷனுக்கு போனேன். அங்க எஸ்ஐ நல்லவிதமா பேசுனார், ஆனா "காசு வாங்கிட்டு பேப்பர சைட்ல போட்டிருக்காங்களே மேடம், சர்வீஸ் குடுத்த மாதிரிதானே இருக்கு"ன்னு அவர் கேட்டப்ப எனக்கு ஒரு நிமிஷம் வாயே வரல. ஒரிஜினல் எடிட்டரோட மெயில பிரின்ட் எடுத்து காட்டுன பிறகுதான் ஆள்மாறாட்டம்னு அவருக்கு புரிஞ்சுச்சு. அதனால போலீஸ்கிட்ட போறவங்க ரிவ்யூ சரியில்லன்னு ஆரம்பிக்காதீங்க, வேற ஒருத்தர் பேர்ல போலி சைட் நடத்துறான்னு ஆரம்பிங்க, ஒரிஜினல் ஜர்னலோட லெட்டர் கையில இருக்கணும். யூபிஐ ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், அக்செப்டன்ஸ் லெட்டர் எல்லாத்தையும் டெலீட் பண்ணாம வைங்க. வித்ட்ராயல் சார்ஜ் மட்டும் ஒரு ரூபா கூட குடுக்காதீங்க, குடுத்த ஒருத்தரோட பேப்பர் இன்னும் அந்த சைட்லயே கெடக்கு.

என் பேப்பர இப்ப வேற ஜர்னலுக்கு அனுப்பியிருக்கோம். கவர் லெட்டர்ல நடந்தத அப்படியே எழுதி, ஒரிஜினல் எடிட்டரோட மெயிலையும் போலீஸ் அக்னாலெட்ஜ்மென்ட்டையும் சேத்து, இந்த மாதிரி கேஸ்ல பாக்க முடியுமான்னு முன்னாடியே கேட்டுட்டுத்தான் அனுப்புனோம். எடிட்டர் சரின்னுருக்கார், ரிவ்யூவுக்கு போயிருக்கு.

தம்பியோட பழைய நம்பர் ஸ்விட்ச் ஆஃப். புது பேர்ல, புது நம்பர்ல "கேரண்டி ஸ்கோபஸ், 21 நாள்"னு போன வாரம் மறுபடியும் ஒரு குரூப்ல போஸ்ட் பார்த்தேன், அதே லோகோ, கலர் மட்டும் மாத்தியிருக்கான். உங்க குரூப்லயும் வந்திருந்தா அக்செப்டன்ஸ் லெட்டரோட போட்டோவ எனக்கு அனுப்புங்க, அதே சைட்டான்னு பாத்து சொல்றேன், இருக்குற கம்ப்ளெயின்ட்டோட உங்களோடதையும் சேக்க முடியும்னு எஸ்ஐ சொல்லியிருக்கார்.